மூன்று விசில் நட்பு

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லி அனுப்புவது பிளாக்டு அக்கவுண்டைப் பற்றித்தான். 2024 செப்டம்பரிலிருந்து கணக்கு இது: ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும், போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அங்கே நண்பன் கிடைப்பதும் இதே ஏற்பாட்டில்தான் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. பொறுமையை மொத்தமாகப் போட்டுவைக்க வேண்டும். அன்பு தவணையில்தான் வரும்.

டோர்ட்முண்டில் எங்கள் ஃப்ளாட்டில் நாலு பேர், ஒரே சமையலறை. ஹானோவர்க்காரன், கொலம்பியாக்காரி, மதுரைக்காரன், திருநெல்வேலியிலிருந்து போன நான். மதுரைக்காரனுக்குக் கதவு தட்டும் வழக்கமே கிடையாது. "மாப்ள, வெங்காயம் இருக்கா?" என்ற கேள்வி முடிவதற்குள் வெங்காயம் அவன் அறைக்குப் போயிருக்கும். ஹானோவர்க்காரன் வேறு ரகம். ஒருநாள் "டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பாகப் போனை எடுத்துக் காலெண்டரைத் தள்ளிக்கொண்டே போனான். "அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய், மாலை நாலரை, சரிப்படுமா?" என்றான். அவன் இருந்தது அடுத்த அறையில். நான் கேட்டது டீ; அவன் குறித்தது முகூர்த்தம்.

அந்தச் செவ்வாய் நாலரைக்குக் கதவு தட்டும் சத்தம். கையில் அவனே சுட்ட ஆப்பிள் கேக். டீ குடித்து முடிக்க இரவு எட்டாயிற்று. தேதி கொடுக்கத்தான் கஞ்சத்தனம். கொடுத்த தேதியில் முழு மனிதனும் வருகிறான்.

நேரம் தவறாத நாடு என்று பெயர். ஆனால் பல்கலைக்கழகம் மட்டும் கால் மணி நேரம் சலுகை தரும். அட்டவணையில் பத்து மணி என்று போட்டுப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத்தான். மதுரைக்காரனுக்கு ஜெர்மானியப் பண்பாட்டின் மீது மரியாதை வந்தது இதைக் கேட்ட அன்றுதான். எங்கள் வளாகத்தில் எச்-பான் என்றொரு ரயில், 1984 முதல் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டே ஓடுகிறது. டிரைவர் கிடையாது. அதிலேறி மதுரைக்காரன் நிதானமாக 10.25க்கு வந்து சேர்வான். வகுப்பு முடிந்ததும் அங்கே கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேஜையைத் தட்டிப் பேராசிரியரைப் பாராட்டுவார்கள். எங்கள் காலேஜில் அப்படித் தட்டினால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

மார்க் விவகாரம் இன்னும் வேடிக்கை. அங்கே 1.0 தான் உச்சம், 5.0 ஃபெயில். "1.3 வாங்கியிருக்கேம்மா" என்றேன். போனில் நீண்ட மௌனம். "எத்தனைக்குப்பா?" என்றாள் அம்மா. குறைய வாங்கினால்தான் கெட்டிக்காரன் என்று விளக்கினேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "இவனைப் பிளஸ் டூவிலேயே அங்க அனுப்பியிருக்கலாம்."

எங்கள் ஃப்ளாட்டை ஒரு குடும்பமாக்கியது நான் கொண்டுபோன மூன்று லிட்டர் குக்கர். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கூடாது. அன்றைக்குக் காலி கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போட்டால்கூட முறைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு புதன்கிழமை மாலை என் குக்கர் முதல் விசிலை அடித்தது. ஹானோவர்க்காரன் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தான்.

"வெடிக்குமா?"

"வெடிக்காது. இன்னும் ரெண்டு வரும்."

கையைக் கட்டிக்கொண்டு குக்கருக்கு எதிரே நின்றுவிட்டான். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அடுப்பை அணைத்தேன். "சொன்னபடியே மூன்று!" என்று அவன் வியந்த வியப்பைப் பார்க்க வேண்டுமே! இந்தியாவிலிருந்து வந்த ஒன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியதை அவன் அன்றுதான் கண்டான் போலிருக்கிறது; மதுரைக்காரனோடு அதற்குள் பழகியிருந்தான் அல்லவா. மறுவாரம் சமையலறைச் சுவரில், யார் எப்போது துடைப்பது என்ற அட்டவணைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாள்: சோறு 3, பருப்பு 4, சுண்டல் 6. ஒருநாள் பருப்பை அவசரமாக இறக்கப் போனேன். "இன்னும் ஒன்று பாக்கி!" என்று அவன் அறையிலிருந்தே குரல் வந்தது. கொலம்பியாக்காரி மட்டும் எண்ணிக்கையில் தலையிடவில்லை. தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஹம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. அதன் தேருக்கு நாலு பேரும் போனோம். காவடியையும் கூட்டத்தையும் பார்த்து ஹானோவர்க்காரன் மிரண்டு நின்ற இடத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "சாப்பிட்டியளோ தம்பி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தட்டைக் கையில் திணித்தார். "முன்பதிவு எதுவும் இல்லாமலா?" என்று என் காதில் கேட்டான். சாப்பிடுடா என்றேன்.

படிப்பு முடிந்து நான் வீடு மாற வேண்டி வந்தது. "நான் இருக்கேன் மாப்ள, கவலைய விடு" என்றான் மதுரைக்காரன். ஹானோவர்க்காரனோ எத்தனை பெட்டி, எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாடகை வேனோடு வாசலில் நின்றான். கட்டில், மேஜை, புத்தகப் பெட்டி எல்லாம் நாலாவது மாடிக்கு ஏறி முடிந்தபிறகு பதினொரு மணிக்கு மதுரைக்காரன் தரிசனம் தந்தான். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை: ஒரு பெரிய பாத்திரம் நிறைய எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஹானோவர்க்காரன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகவே, வெளிநாடு போகும் தம்பி தங்கைகளே, குக்கருக்கு உபரியாக ஒரு கேஸ்கட் எடுத்துப் போங்கள். தேதி குறித்து வரும் நண்பன் ஒருவனையும், சொல்லாமல் கொள்ளாமல் வரும் நண்பன் ஒருவனையும் கட்டாயம் சம்பாதித்துக்கொள்ளுங்கள். பெட்டி தூக்க முதலாமவன் வேண்டும். தூக்கி முடித்ததும் சோறு போட இரண்டாமவன் வேண்டும்.