ஆடிட்டர் வேலை மாறுகிறார்

சி.ஏ. தேர்வின் எல்லாப் படிகளையும் ஏறி, ஆர்ட்டிகிள்ஷிப்பில் வவுச்சர் வவுச்சராக டிக் அடித்து, பெயருக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்ட மறுமாதமே நம் ஆடிட்டருக்கு ஒரு கேள்வி எழுகிறது: ‘அடுத்து என்ன?’

முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. சி.ஏ. படித்த சுரேஷ் பிரபு 2014-இல் ரயில்வே அமைச்சரானார். 2017-இல் அந்த நாற்காலிக்கு வந்த பியூஷ் கோயலும் சி.ஏ.தான். பிரபு காலத்தில்தான் தனி ரயில்வே பட்ஜெட்டே ஒழிந்தது. கணக்குத் தாக்கல் செய்வதிலிருந்து தப்பிக்க ஒரு கணக்காளருக்குக் கிடைத்த ஆகச் சிறந்த வழி அதுதான். ராகேஷ் ஜுன்ஜுன்வாலா பங்குச்சந்தைக்குப் போனார். குருமூர்த்தி, சோவுக்குப் பின் ‘துக்ளக்’ ஆசிரியரானார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். எம்.பி.ஏ. படிக்கலாம், வக்கீலாகலாம், ஸ்டார்ட்-அப்பில் சேரலாம். ஆனால் எங்கே போனாலும் முதல் நாளே, “சார், நீங்க சி.ஏ.தானே? இந்த ஜி.எஸ்.டி.யைக் கொஞ்சம் பாத்துடுங்களேன்” என்பார்கள். மிச்சமிருப்பது விவசாயம். அந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், ஆடிட்டருக்கு அங்கே நிம்மதி உண்டு.

அதுவும் ஜூலை வரைக்கும்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்ய, சித்தப்பாவும் மாமாவும் ஃபார்ம் 16-உடன் வயலுக்கே வந்துவிடுவார்கள், ஃபீஸ் பற்றிப் பேசாமல். ஆகவே ஆடிட்டர்களே, தொழிலைத் தாராளமாக மாற்றுங்கள். கையோடு போன் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.