கட்டு நனையாப் படலம்

நீராடல் பற்றித் தமிழர் எழுதாமல் விட்டது எதுவுமில்லை என்றொரு நம்பிக்கை புலவர்களிடையே உண்டு. பரிபாடலில் இன்று முழுதாகக் கிடைக்கும் பாடல்கள் 22. அவற்றில் 8 வையைப் புனலுக்கே போய்விட்டன. சிலப்பதிகாரம் கடலாட ஒரு காதையையே ஒதுக்கியது. பெண்பாற் பிள்ளைத்தமிழ் பாடப் புகுந்தவர் நீராடற் பருவத்தைத் தாண்டாமல் கரையேற முடியாது. ஆத்திசூடி செய்த ஔவையார் குளிக்க வேண்டிய கிழமையைக்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை துறைகளில் இறங்கியும், வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவன் எப்படிக் குளிப்பது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வையைப் படித்துறையில் ஒருவருமா வழுக்கி விழவில்லை? பரிமேலழகர் உரையிலும் விளக்கமில்லை, அடியார்க்குநல்லாரும் கடந்துபோய்விட்டார். எனவே ஈண்டு நாம் புகவேண்டியதாயிற்று.

ஆய்வுக்களம் சிங்கப்பூர், அதிலும் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவும் சுற்றுவட்டாரமும். இவ்வாறு வரையறுத்ததற்குக் காரணம் உண்டு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை புக்கித் தீமா சாலையில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. விளையாட்டுத்திடல் கம்பியில் தொங்கி, பிடி நழுவி விழுந்த பிள்ளை, முழங்கை வரை இளஞ்சிவப்புக் கட்டுடன் வெளியே வந்தால், அழுகையை நிறுத்தத் தோசைக்கடை பக்கத்திலேயே கிடைக்கும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்றாலோ, கழுத்தில் துணி மாட்டிக் கையைத் தொங்கவிட்ட கட்டுமான ஊழியர் ஒருவராவது கண்ணில் படுவார். தரவுக்குக் குறைவில்லை.

தமிழ்நாட்டில் மாவுக்கட்டுக்கும் குளியலறைக்கும் வேறொரு உறவு நிலவுவதை அறிவோம். விசாரணைக்குப் போன ஆசாமி காவல்நிலையக் குளியலறையில் வழுக்கி விழுவார். மறுநாள் கட்டுடன் நாளிதழில் நிற்பார். அந்தத் தரை ஏன் ஒரு தரப்பாரை மட்டுமே வழுக்கிவிடுகிறது என்பது இயற்பியலுக்கு உட்பட்ட வினா அன்று. அதை நீதிமன்றங்களுக்கு விட்டுவிட்டு நம் பொருளுக்கு வருவோம்.

முதலில் கட்டின் இயல்பு. துணிச்சுருளில் பாரிஸ் சாந்துத் தூளைத் தேய்த்து வைத்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையை 1851-இல் ஹார்லெம் நகரில் கண்டவர் அந்தோனியுஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். ஜிப்சக் கல்லை 150 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், அதில் அடங்கியிருந்த நீரில் முக்கால் பங்கு பிரிந்து இந்தச் சாந்துத் தூளாகும். அந்தத் தூளுக்கு மறுபடி நீர் காட்டினால், இழந்ததைத் திரும்பப் பெற்று, சூடு பறக்க இறுகும். ஆக, நீர் இல்லாமல் கட்டு இல்லை. முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காய்ந்த பிறகு அதே நீரைக் காட்டினால் ஊறி, நொய்ந்து, முறிந்த எலும்பைப் பிடித்துவைக்கும் உறுதியை இழக்கும். தன்னை ஆளாக்கியவரையே பகைத்துக்கொள்ளும் இக்குணத்துக்கு அரசியலில் உதாரணங்கள் உண்டு. மருத்துவத்தில் இது ஒன்றுதான்.

இப்போது பெரும்பாலும் போடுவது கண்ணாடியிழைக் கட்டு. எடை குறைவு, அரை மணியில் இறுகும், பிள்ளைகள் நிறம் தேர்ந்தெடுக்கலாம். ‘இது பிளாஸ்டிக் மாதிரிதானே, நனைந்தால் என்ன?’ என்பாரும் உளர். அற்றன்று. ஓடு நனைவதில்லை என்பது மெய். ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவே பஞ்சுப் படுக்கை இருக்கிறது. அது குடித்த நீரை எளிதில் விடாது. உள்ளே தோல் ஊறும், வெளுக்கும், அரிக்கும், பின்பு நாறும், புண்ணாகிச் சீழும் பிடிக்கலாம். பஞ்சுக்குப் பதிலாக நீர் தேங்காத உள்ளுறை வைத்துக் கட்டும் வழக்கம் 1990-களிலேயே வெளிநாடுகளில் வந்துவிட்டது. அது வேண்டுமென்றால் கட்டுப் போடும்போதே கேட்க வேண்டும். எல்லா முறிவுக்கும் அது ஏற்றதன்று, மருத்துவர்தான் முடிவு சொல்வார். வீட்டுக்கு வந்து இதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவதில் பயனில்லை.

இனிப் பகைவர் யார் என்று காண்போம். குழாய் என்று சொல்வது மேலோட்டமான பார்வை. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டிய கைலி மாலைக்குள் காய்ந்தால் அது அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட ஊரில், மூடிய கட்டுக்குள் வியர்வை எங்கே போகும்? குளியலுக்குப் பத்து நிமிடம் காவல் காத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் உள்ளிருந்தே நனைய விடுகிறோம். குழாயைப் பகைத்துக்கொண்டு மின்விசிறியை மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

ஆனாலும் குழாயை ஒதுக்கிவிட முடியாது. கூழே ஆனாலும் குளித்த பிறகே என்று வளர்ந்த கூட்டம் நாம். இந்த வெக்கையில் காலை ஒன்று, மாலை ஒன்று என்பது குறைந்தபட்சம். ஆகவே மதங்கள் தோன்றின.

அவற்றுள் தொன்மையானது பையார் மதம். பேரங்காடிப் பையைக் கையில் மாட்டி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டுவர். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டியிருப்பதால், இம்மதத்தார் சிக்கனம் கருதி ஒரே பையை ஒரு வாரம் பயன்படுத்தப் போய் ஓட்டைக்கு ஆளானார்கள். இவர்களில் ஒரு சாரார் ரொட்டி வரும் நீளப் பையே முழங்கைக்குச் சரி என்பர். அளவு பொருந்துவதால் அதை மறுப்பதற்கில்லை. உட்பிரிவில் கடுமையானவர்கள் முஸ்தஃபா சென்டரைப் பின்பற்றுவோர். அங்கே நெடுங்காலம் பணம் கட்டியதும் பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிவிடும் வழக்கம் இருந்தது. கத்தரி இல்லாமல் திறக்க இயலாது. கடைப்பைக்கு இது சிறந்த ஏற்பாடு. புயத்துக்கு இதைப் போட நினைப்பவர் ஒன்றைக் கருத வேண்டும்: நீர் புகாத அளவுக்கு இறுக்கினால் இரத்தமும் புகாது. இரத்தம் ஓடும் அளவுக்குத் தளர்த்தினால் நீரும் ஓடிவரும். விரல் நீலம் பாரித்த பிறகு கத்தரியைத் தேடுவது ஆராய்ச்சி முறையன்று.

இம்முரணுக்குத் தீர்வு இறுக்கத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. கையைத் தொங்கவிட்டால் பையின் வாய் மேல்நோக்கி நிற்கும். தோளிலிருந்து வழியும் நீரெல்லாம் உள்ளே இறங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பையின் வாய் கீழ்நோக்கும். நீர் ஏறிப்போக வேண்டும், அது ஏறாது. ஆகவே கைதூக்கியர் மதமே இயற்பியலோடு ஒத்தது. கட்டின் மேல் விளிம்பில் சிறு துண்டைச் சுற்றி, அதன்மேல் பை, பைமேல் இன்னொரு பை, வாய்க்கு அகலமான ஒட்டுநாடா என்று செய்துகொண்டு கையைத் தூக்கினால் பெரும்பாலும் பிழைக்கலாம். ரப்பர் வாய் வைத்த உறைகளும் விற்கிறார்கள், வசதியுள்ளவர் வாங்கலாம். காலில் கட்டு என்றால் இந்தத் தத்துவம் தலைகீழாகும். காலைத் தலைக்கு மேல் தூக்குவது யோகியர்க்கே உரியது. மற்றவர் காப்பிக்கடைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குளியலறையில் போட்டு அமர்ந்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டுக. வீவக வீட்டில் குளியலறையும் கழிவறையும் ஒன்றாதலால், நீட்டிய காலைத் தாண்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வரத் துடிப்பார். வீட்டார் பொறுத்தருள்க.

பொதுப் பயனீட்டுக் கழகம் ஐந்து நிமிடத்துக்குள் குளித்து முடிக்கச் சொல்கிறது. 2030-க்குள் ஆளுக்கு நாளொன்றுக்கு 130 லிட்டர் என்பது நாட்டின் இலக்கு. மற்றவர்களில் இதை மீறுவோர் உண்டு. பைக்குள் கை வேகும் வேதனையை அறிந்தவர் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவதால், இலக்கை எட்டுவதில் எலும்பு முறிந்தவர்களின் பங்கு இதுவரை உரிய முறையில் பாராட்டப்படவில்லை.

நீச்சலுக்கு வருவோம். களம் வளமானது. தேக்காவை அடுத்த மவுண்ட் எமிலிக் குன்றில், முன்பு ஊருக்குக் குடிநீர் தந்த தேக்கத்தை மாற்றி, 1931-இல் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல்குளத்தைத் திறந்தார்கள்; இன்று அங்கே பூங்கா. ஃபேரர் பார்க் குளம் 1957 முதல் 2003 வரை நடந்தது. 2010-இல் தொடங்கிய சுவிம்சேஃபர் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வகுப்பாகக் குளத்துக்குப் போவதால், ‘நானும் பை கட்டிக்கொண்டு இறங்கட்டுமா?’ என்ற கேள்வி வீட்டுக்கு வந்தே தீரும். விடை ஆர்க்கிமிடீசிடம் இருக்கிறது. பைக்குள் சிக்கிய ஒரு லிட்டர் காற்று, நீருக்குள் ஒரு கிலோ எடையளவு விசையோடு மேலே தள்ளும். கை மிதக்கும், ஆள் சாய்வான். ஒரு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடி, பையை நசுக்கி நீருக்கு வழிவிடும். காற்றை உறிஞ்சி எடுக்கும் உறைகள் இருக்கின்றன. ஆனால் முறிந்த கையால் நீரைத் தள்ளலாமா என்பதற்கு உறை விற்பவரிடம் அனுமதி கேட்கக் கூடாது. பிள்ளை கரையில் உட்கார்ந்து மற்றவர்களைக் குறை சொல்லட்டும். அதுவும் ஒரு பயிற்சி.

கடினமான இயல் தீபாவளி. எண்ணெய்க் குளியலைக் கட்டுக்காக ஒத்திவைக்க எந்தப் பாட்டியும் உடன்படமாட்டார். நீரைத் தடுத்த ஒட்டுநாடா நல்லெண்ணெய் பட்டதும் தன் ஒட்டும் தொழிலையே மறந்து கழன்றுவிடும். சீயக்காய்த் தூள் உள்ளே இறங்கினால் அரிப்பு. அரிப்பைத் தணிக்கச் சாத்தே குச்சியை உள்ளே விடுவார்கள்; குச்சி கீறும், கீறல் சீழ் பிடிக்கும், சில வேளை குச்சியே உள்ளே தங்கிவிடும். உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து விழாவை முடித்துக்கொள்வதே இவ்வாய்வு காணும் சமரசம். தலையை அலசவேண்டுமென்றால் தொட்டியருகே குனிந்துகொள்ள, இன்னொருவர் ஊற்றட்டும்.

இன்னொருவர் என்பதுதான் எல்லா மதங்களும் மறந்த கருவி. ஊழியர் விடுதியில் காலை வரிசையில் நின்று, ‘அண்ணே, கையைத் தூக்குங்க’ என்று சொல்லி முதுகில் குவளை குவளையாக ஊற்றும் அறைத்தோழருக்கு நிகரான உறை எந்த மருந்தகத்திலும் இல்லை. எங்கே ஊற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

முடிபு. தலைக்குக் குளிப்பது, மேலுக்குக் குளிப்பது என இரண்டு வகுத்த நம் முன்னோர், ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதை நோயாளிக்கு உரியதென ஒதுக்கினர். கட்டு இருக்கும்வரை நீங்களும் நோயாளிதான். ஒரு வேளை மேலுக்குக் குளித்தால், மறுவேளை துடைத்துக்கொண்டால் போதும். இதனால் சாதி கெடாது. குளித்து வந்ததும் பையைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். கட்டு லேசாக ஈரமாகியிருந்தால் முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டலாம். சூடு வைத்தால் தோல் வெந்துவிடும். உள்ளே வரை நனைந்துவிட்டால் வீட்டில் மறைக்காமல், அன்றைக்கே கட்டுப் போட்ட இடத்துக்குப் போய்க் காட்டுங்கள். விரல் மரத்தாலோ நீலமானாலோ வீங்கினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.