பால் நோட்டம் பார்ப்பவர்

பால் நோட்டம் பார்ப்பவருக்கு முதல் தேவை வெளிச்சம். வேலைக்குப் போகும் தாய் விடியற்காலையில் கையாலோ, பம்ப் எனப்படும் உறிஞ்சு கருவியாலோ தன் பாலை எடுத்துப் புட்டியில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் செல்ல, அவள் ஏறிய திண்டிவனம் பேருந்து செஞ்சியைத் தாண்டும் முன்பே அந்தப் புட்டி அவர் கைக்கு வந்துவிடுகிறது. காலையென்றால் கிழக்கு ஜன்னல், மாலையென்றால் செஞ்சிக் கோட்டைக் குன்றாகிய ராஜகிரிக்குப் பின்னால் வெயில் சாயும்வரை மேற்குத் திண்ணை என்று இடத்தை மாற்றிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, புட்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடியும் சாய்த்து, வீட்டிலுள்ள அனைவரும் கேட்கும்படி அவர் தீர்ப்பளிக்கிறார்: “தண்ணியா இருக்கே!”

இவர் சில வீடுகளில் மாமனாராகவும், சில வீடுகளில் பெரியப்பாவாகவும், எந்த உறவுமுறையிலும் அடங்காத எதிர்வீட்டுப் பெரியவராகவும் காணப்படுகிறார். செஞ்சி வட்டாரத்தில் இவ்வகையினர் செழித்திருப்பதற்குத் தொழில்சார்ந்த காரணம் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டையைப் பிரித்து, ஒரு மணியைப் பல்லில் கடித்தே ஈரப்பதத்தைச் சொல்லிப் பழகியவர்கள் இவர்கள். பால் கூட்டுறவுச் சங்கத்தில், பாலின் அடர்த்தியைக் காட்டி நீர்க்கலப்பை ஊகிக்க உதவும் லாக்டோமீட்டர் என்னும் கண்ணாடி மிதவை மேலெழுவதையும் கீழிறங்குவதையும் மூச்சடக்கிப் பார்த்து முதுமை எய்தியவர்கள். எனவே உலகிலுள்ள பால் அனைத்தையும் அவர்கள் ஆவின் உறையின் நிறங்களைக் கொண்டே வகுக்கின்றனர். 6 விழுக்காடு கொழுப்புடைய ஆரஞ்சு உறை உயர்ந்தது; 4.5 விழுக்காடுடைய பச்சை உறை பரவாயில்லை. 3 விழுக்காடுடைய நீல உறை காபிக்கும் உதவாதது. மருமகளின் பால் இந்த வரிசையில் நீலத்துக்கும் கீழே வைக்கப்படுகிறது.

தாய்ப்பாலின் கொழுப்பு சராசரியாக 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருப்பதால், அவர் இகழும் பால் நீல உறையை வென்றுவிடுகிறது என்பது அவருக்கு எட்டாத செய்தி. அதில் புரதம் ஏறத்தாழ 1 விழுக்காடும், பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் ஏறத்தாழ 7 விழுக்காடும் உள்ளன. பசும்பாலில் புரதம் மும்மடங்கு, சர்க்கரை குறைவு. கன்று இரண்டு மாதத்துக்குள் பிறந்த எடையை இரட்டிப்பாக்கி எழுந்து ஓட வேண்டியது. மனிதக் குழந்தைக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகிறது, ஓட வேண்டிய அவசரமும் இல்லை. மேலும், ஒரே வேளையில் முதலில் சுரக்கும் பால் நீலம் பாரித்து நீர்த்தும், மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு மிகுந்து வெளுத்தும் வருவது இயல்பு. நோட்டக்காரர் பெரும்பாலும் முதற்பாலையே பார்த்துத் தீர்ப்பெழுதிவிடுகிறார்.

புட்டி சில மணி நேரம் அசையாமல் இருந்தால் கொழுப்பு மேலே ஒதுங்கி, கீழே வெளிர்நீர் தெளிகிறது. கடைப்பாலில் இது நிகழாமல் இருப்பதற்கு, கொழுப்புத் துளிகளைப் பொடித்துப் பால் முழுவதும் பரப்பிவிடும் ஆலைச் செய்முறையே காரணம். தாயின் உடம்பில் அந்த ஆலை இல்லை. புட்டியை மெல்லச் சுழற்றினால் இரண்டும் கலந்துவிடும். நோட்டக்காரரோ இரண்டு அடுக்கைக் கண்டதும், “திரிஞ்சுபோச்சும்மா” என்று தொலைபேசியில் அறிவித்துவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் கண்விழித்து ஒருத்தி சேர்த்த பால் அது. இத்தனைக்கும் மாடு கன்று ஈன்ற வீட்டிலிருந்து சீம்பால் வந்தால், அதன் மஞ்சளையும் கெட்டியையும் புகழ்ந்து, வெல்லமிட்டுக் காய்ச்சி உண்பவர் அவர். தம் பேரனுக்குக் கிடைத்த சீம்பாலை, அதாவது பிரசவத்தையடுத்த சில நாட்கள் சுரக்கும், நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்த முதற்பாலை, அதே மஞ்சள் நிறத்துக்காகவே “பழைய பால்” என்று ஐயுற்றவரும் அவரே.

நோட்டத்தைத் தவிர்க்கத் தாய்மார் கண்ட வழி எவர்சில்வர். புட்டியைக் கழுவுவது கடினம், ரப்பர் காம்பின் இடுக்கில் கிருமி தங்கும் என்பதால், எடுத்துவைத்த பாலைக் கிண்ணத்தாலோ, மூக்குடைய சிறு கரண்டியாகிய பாலாடையாலோ, பழைய சங்காலோ புகட்டுவதையே குழந்தைநல மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். அவற்றைக் கொதிநீரில் போட்டெடுப்பதும் எளிது. எவர்சில்வர் கிண்ணத்தின் வழியே வெளிச்சம் ஊடுருவாது என்பது மருத்துவர்கள் கருதாத கூடுதல் நன்மை. இந்த நன்மை நெடுநாள் நிலைப்பதில்லை. கண்ணுக்கு வழி அடைபட்டதும் நோட்டக்காரர் விரலுக்கு மாறி, சுண்டுவிரலைக் கிண்ணத்தில் தோய்த்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பிசுபிசுப்பை அளக்கத் தொடங்குகிறார். அந்த விரல் சற்றுமுன்வரை எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதை அளப்பதற்குக் கருவி இல்லை.

அவருடைய பேரன்புக்குரியது பவுடர் பால். எடுத்துவைத்த பால் பகல் முழுவதற்கும் போதாதபோதோ, குழந்தையின் எடை ஏறாதபோதோ, மருத்துவர் சொல்லித் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இந்தப் பால், பெரும்பாலும் பசும்பாலைக் கொண்டு குழந்தையின் செரிமானத்துக்கேற்ப ஆலையில் செய்யப்படுவது. தேவைப்படும் குழந்தைக்கு அதைக் கொடுப்பதில் குற்றமும் இல்லை, வெட்கமும் இல்லை. 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைப்பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள் குறித்த சட்டம், டப்பாவில் குழந்தைப் படம் போடுவதைத் தடுத்து, தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பை அதில் அச்சிட வைத்தது. டப்பாவின் மற்ற எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடியால் படித்து முடித்த நோட்டக்காரர் அந்த ஒரு வரியைப் படிப்பதில்லை. கலக்கிய பால் அடுக்குப் பிரியாமல், ஒரே வெண்மையாய், வெளிச்சத்தை மறித்து நிற்பதே அவருக்குப் போதுமான சான்று.

அந்த வெண்மையையும் அவர் விட்டுவைப்பதில்லை. கொதிக்கவைத்துச் சற்றே ஆறிய நீரை முதலில் அளந்து ஊற்றி, டப்பாவோடு வந்த கரண்டியால் தலைதட்டிய அளவில், பெரும்பாலான வகைகளில் 30 மில்லி நீருக்கு ஒன்றாக, பவுடரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. “இன்னும் ஒரு ஸ்பூன் போடு, கொழந்த நல்லா புஷ்டியா வரட்டும்” என்பது அவர் செய்யும் திருத்தம். மிகையான பவுடர் மலச்சிக்கலையும் நீரிழப்பையும் உண்டாக்கிப் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமையேற்றும். மாதக் கடைசியில் டப்பாவைச் சிக்கனப்படுத்த நீரைக் கூட்டுவது இரண்டாவது திருத்தம்; அதனால் குழந்தை வயிறு நிறைந்தும் மெலியும். அவருடைய மூன்றாவது திருத்தம், நீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலிலேயே பவுடரைக் கலப்பது; இரண்டு நல்ல பொருள் சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்னும் இந்தக் கணக்கில் முடிவது, முதல் திருத்தத்தின் அதே மிகைச்செறிவு.

இரண்டையும் தருவோர் தாய்ப்பாலை முதலில் தனியாகவும், பவுடர் பாலைப் பின்னர் தனியாகவும் புகட்டுவது நல்லது. குழந்தை குடிக்கத் தொடங்கிய பவுடர் பாலில் மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. தாய்ப்பாலை அதோடு கலந்துவிட்டால் அதற்கும் அதே கெடு வந்து, சேர்ந்து கொட்ட வேண்டியதாகிறது. புதிதாக எடுத்த தாய்ப்பால் 25 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் தாங்கும் என்பது கணக்கு. சித்திரையில் செஞ்சிப் பாறைகள் கக்கும் வெப்பத்தில் 25 பாகை நள்ளிரவிலும் அரிது என்பதால், எடுத்தவுடன் பெட்டியில் வைப்பதே வழி. கொட்ட வேண்டியதைச் சேமிப்பதும், சேமிக்க வேண்டியதைக் கொட்டுவதும் நோட்டக்காரரின் தனிச்சிறப்பு.

இவருடைய ஏனைய இயல்புகள் சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. தாய்க்குப் பால் பெருகும் என்று நம்பி, புதுச்சேரியிலிருந்து யார் வந்தாலும் பால்சுறா மீன் வாங்கிவரச் சொல்வார். அதே நம்பிக்கையில் பூண்டை எண்ணி உரிக்க வைப்பார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்துகிடந்ததுபோல் இன்னொரு முற்றுகை வரப்போகிறது என்று நம்பியவராய், பவுடர் டப்பாக்களைப் பரணில் அடுக்குவார்.

இவருடைய தீர்ப்பின் பெருங்கேடு, அது தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்வதில் இருக்கிறது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அந்த அளவுக்கே அடுத்த சுரப்பு அமைகிறது. “பத்தல, பத்தல” என்று ஒரு வேளை பவுடர் பால் கூட்டப்பட்டு, அந்த வேளைக்குரிய பாலைத் தாய் எடுக்காமல் விட்டால், தேவை குறைந்ததென்று கொண்டு உடல் சுரப்பைக் குறைக்கிறது. பத்து நாளில் பால் உண்மையாகவே போதாமல் போக, “நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்று அவர் திண்ணையில் அமர்கிறார். பாலை வெளித்தள்ளுவது ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர். பதற்றமும் கூச்சமும் அதைத் தடுக்கவல்லவை. தாய் பால் எடுக்கும் அறையின் கதவுக்கு வெளியே செருமிக்கொண்டு நின்று, “எவ்ளோம்மா வந்துச்சு?” என்று கேட்பவர் அந்த இயக்குநீருக்கு எத்தகைய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை. அவள், “வந்தது வந்திருக்கு மாமா” என்கிறாள். கருவியில் வரும் அளவு சுரப்பின் அளவன்று. குழந்தையின் வாய்க்கு வருவது பலருக்குக் கருவிக்கு வருவதில்லை.

ஆயினும் இவரை வெறுப்பது கடினம். இவர் வளர்ந்த காலத்தில், பிறந்த குழந்தையை முதல் ஆண்டுக்குள் இழந்த வீடுகள் ஊரில் பல; அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதால் தாய்ப்பால் நின்று, எலும்பும் தோலுமாய்ப் போன சவலைக் குழந்தையை, ஒருவேளை தம் உடன்பிறப்பையே, இவர் மடியில் வைத்திருந்திருக்கக்கூடும். மெலிந்த பாலைக் காணும்போது இவர் காண்பது அந்தக் குழந்தையை. மின்சாரம் போன இரவில் வெந்நீர் வைக்க முதலில் எழுபவரும் இவரே. மற்றவரிடம் அடங்காத அழுகை இவர் தோளில் அடங்குவதும் உண்மை.

ஆனால் அன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை உறுதியளித்தது; 2017இல் செய்த திருத்தம், உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் தாய்க்கு 26 வார ஊதிய விடுப்பை அளித்தது. தமிழக அரசு ஊழியர்க்கு விடுப்பு 2021இல் 12 மாதமாக உயர்ந்தது. இவை எட்டாத சிறு கடையிலோ, சிறு பள்ளியிலோ வேலை செய்பவள், பால் கட்டி மார்பு வலிக்கும் நண்பகலில், பொருள் அடுக்கும் அறையின் தாழ்ப்பாளில்லாத கதவை ஒரு காலால் அழுத்திக்கொண்டு பால் எடுக்கிறாள். அங்கே அவளுக்கு உட்கார நாற்காலி உண்டா என்று நோட்டக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய மகனும் கேட்டதில்லை.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை அறிய வெளிச்சம் தேவையில்லை. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரி 20 முதல் 30 கிராம் எடை கூடுவதும், முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும் போதிய அளவுகோல்கள். எடையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஈரத்துணிகளை நோட்டக்காரரே வீட்டில் எண்ணலாம்; இதுவரை அவர் எண்ணாததற்கு ஒரே காரணம், எண்ணுகிறவரே அவற்றை அலசியும் போட வேண்டியிருக்கும் என்பதுதான்.