முந்தைய வண்டியின் புலி: முதுமலையை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

முதுமலையில் புலி இருவகைப்படும். தானியங்கிக் கேமராவில் பதிவாகும் புலி ஒன்று. நமக்கு முன்னால் போன வண்டிக்காரர்கள் பார்த்த புலி மற்றொன்று. முதல் வகையை உடல் வரிகளை வைத்து அடையாளம் கண்டு, 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுமைக்கும் 306 என்று மதிப்பிட்டுவிட்டார்கள். இரண்டாம் வகையைக் கணக்கில் எடுப்பார் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் முதுமலைக் காட்டில் உள்ள தெப்பக்காடு. 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான இக்காட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர். அதில் வனத்துறை வேன் போகும் பாதை, நெற்றியில் இட்ட திருநீற்றுக் கீற்று அளவு. மிச்சமெல்லாம் புலியின் வசம். ஆயினும் அந்தக் கீற்றின் மேல், நாம் சீட்டு வாங்கிய நேரத்தில் புலி வந்து நிற்க வேண்டும் என்பது பயணிகளின் துணிபு. புலியோ பகலில் பெரும்பொழுதை நிழலில் படுத்தே கழிக்கும். அதன் வேட்டையில்கூடப் பத்துப் பாய்ச்சலில் ஒன்று பலித்தாலே பெரிது. பரம்பரைத் தொழில்காரனுக்கே அந்த நிலை. நமக்கோ முதல் சீட்டிலேயே பலிக்க வேண்டும்.

அடுத்து, மானின் மதிப்புச் சரிவு. முதல் புள்ளிமானுக்கு வண்டியே ஒருபக்கம் சாயும். நாலாவது மானுக்கு "மான்தானே" என்பார்கள். அதற்குப் பிறகு கூட்டமாக நின்றாலும் கழுத்து திரும்பாது. இது அறியாமை. காட்டில் புலியைப் பற்றிச் சேதி சொல்லும் தகுதி பெற்றவை இவையே. மரத்தின் மேலிருக்கும் மந்தி முதலில் கண்டு குரல் கொடுக்கும். கீழே மேயும் புள்ளிமான் அதை வாங்கிக் கத்தும். கடமானும் சேர்ந்துகொண்டால் காடறிந்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தக் குரலுக்காகத்தான் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்துகிறார். அந்த நிசப்தத்தில் பின்சீட்டில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள்.

இங்கே ஒரு முரண். மானின் கண்ணுக்குச் செம்மஞ்சள் நிறம் தனியாகத் தெரியாது. புலி அதற்குப் பச்சைப் புதரோடு கலந்த பச்சை. நமக்கோ அந்த நிறம் பளிச்சென்று தெரியும். எனவே, புலியைக் கண்டுகொள்வதில் மானைவிட நாம் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் நாம் கண்டுபிடிப்பது கரையான் புற்று, பட்டுப்போன அடிமரம், காய்ந்த தேக்கிலை. இவற்றுக்கும் முன்னால் நிற்பது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தச் செடி, காடெங்கும் புதராகப் படர்ந்து, மான் மேயும் புல்லை அமுக்கிவிட்டது. பயணிக்கு அதிகம் தரிசனம் தருவது அதுதான். அதை ஒருவரும் படம் எடுப்பதில்லை என்பது இக்கட்டுரையாளரின் மனக்குறை.

இனி, இரண்டாம் வகைப் புலியின் தோற்றம். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன.

"ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இப்பத்தான் சார், அந்த வளைவுல. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கணும்."

சொல்பவர் பணம் கட்டியவர். பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டி வந்தவர். அவருக்கு இந்தச் சேதி கிடைத்தது அவருக்கு முந்தைய வண்டியிலிருந்து. அவர்களுக்கு அதற்கும் முந்தையதிலிருந்து. மூலத்தைப் பார்க்காமல் பிறர் நூலின் அடிக்குறிப்பிலிருந்தே அடிக்குறிப்பு எழுதும் பேராசிரியர்கள் இந்த மரபை உடனே அடையாளம் காண்பர். இவ்வகைப் புலியின் இலக்கணமும் மாறாதது. எப்போதும் ஆண், எப்போதும் பெரியது, எப்போதும் வளைவில். ஐந்து நிமிடம் என்பதும் மாறாது. அரைமணி என்றால் மனம் ஆறிவிடும்; ஐந்து நிமிடம்தான் ஊட்டி போய்ச் சேரும்வரை உறுத்தும்.

முந்தைய வண்டி உண்மையாகவே புலியைப் பார்த்திருக்கலாமே என்று மறுப்பார் உண்டு. இருக்கலாம். அப்படிப் பார்த்தவர்களைப் பிரித்தறிவது எளிது: கேட்டால் அவர்களுக்குப் பேச்சே வராது, செல்போனை நீட்டுவார்கள், அதில் கலங்கலாக ஒரு வால் இருக்கும்.

வால் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பும் வழியில் எதிர்வண்டியிலிருந்து யாராவது கேட்டால், பார்த்தது மானும் ஒரு மயிலும் என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். மிகவும் வருந்தினால், தெப்பக்காடு யானை முகாமில் உணவு கொடுக்கும் நேரத்தைக் கேட்டுப் போகச் சொல்லுங்கள். அங்கே யானை உறுதி.