முந்திரிக்கொட்டைகளுக்கு ஒரு கையேடு

சிரம்பானில் சிவப்பு விளக்கு மாறுவதற்குள் அரைச் சக்கரம் முன்னே போய் நிற்கிற ஆளா நீங்கள்? கல்யாண வீட்டில் இலை போடும் முன்பே பந்தியில் உட்கார்ந்துவிடுவீர்களா? அப்படியானால் இந்தக் கையேடு உங்களுக்குத்தான். முந்திரிப் பழத்துக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற கொட்டையைப் போல முந்திக்கொள்வதும் ஒரு கலை. முறையாகக் கற்காமல் அதில் இறங்கித்தான் பலர் கெட்டுப்போகிறார்கள்.

நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் பரம்பரைப் பயிற்சி உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று ரப்பர் காலத்தில் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது பேர் பதிவுக்கு, ஆளைக் கூட்டுவார்கள். கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பார். எங்கள் மாமா ஒருவர் அவசரக்காரர். தமக்கு முந்திய பேரை வாசிக்கும்போதே "வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாகத் தம் நிரையைப் பார்த்து நடையைக் கட்டிவிடுவார். கிராணி தலையைத் தூக்காமல், அந்த முந்திய ஆளுக்கு ஒரு கோடு போடுவார். அவரோ அன்றைக்கு வேலைக்கே வந்திருக்கமாட்டார். மாமாவின் பேர் வரும்போது பதில் சொல்ல ஆளிருக்காது. சம்பள நாளில்தான் மாமாவுக்கு விஷயம் புரியும். வீட்டில் படுத்திருந்தவருக்கு இவர் செலவில் ஒரு நாள் கூலி!

சரி, பாடத்துக்கு வருவோம். முந்துவதற்கு முன்னால் நிற்கத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் எஃப் ஒன் கார்ப் பந்தய ஓட்டுநரான இத்தாலியர் ஃபிசிகெல்லா. பாடம் நடந்த இடம், நம் மாநில எல்லையைத் தாண்டினால் வருகிற செப்பாங். 2001-இல் அங்கே நடந்த மலேசிய கிராண்ட் பிரீயில் தனக்குரிய கட்டத்தை விட்டு வேறு கட்டத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். சரிசெய்யப் போய்க் கார் குறுக்கே நின்றது. புறப்பாட்டையே நிறுத்திவிட்டு எல்லாரையும் மறுபடி ஒரு சுற்று போய்வரச் சொன்னார்கள். தான் முந்த முடியாவிட்டால் யாரையும் புறப்படவிடாமல் செய்வது கொஞ்சம் உயர்ந்த கலை. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நின்றாயிற்றா? இனி விளக்கைப் பாருங்கள். எஃப் ஒன்னில் 1996 முதல் புறப்பாட்டுக்குப் பச்சை விளக்கு கிடையாது. ஐந்து சிவப்பு விளக்குகள் வினாடிக்கு ஒன்றாக எரியும். ஐந்தும் எரிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்து, ஒரேயடியாக அணையும். அணைந்தால் கிளம்பலாம். அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று ஓட்டுநருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அது மாறும். முந்திரிக்கொட்டைகளுக்கென்றே யோசித்துச் செய்த கொடுமை இது.

எங்கள் தோட்டத்தில் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் வெற்றிலைத் தாத்தா. பழைய டிராக்டர் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, செம்பனை நிரைகளுக்கு நடுவே போகும் செம்மண் ரோட்டில், ஸ்டோர் முனையிலிருந்து மாரியம்மன் கோயில் வரை பையன்களுக்குக் கப்சாய் மோட்டார் சைக்கிள் பந்தயம். தாத்தா தோள் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். துண்டு தரையைத் தொட்டால் கிளம்பலாம். பையன்கள் கெட்டிக்காரர்கள். துண்டை விடுவதற்குச் சற்று முன்னால் தாத்தா வெற்றிலைக் குதப்பலை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு மாற்றுவார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து துண்டைப் பார்க்க நாதியில்லை. ஆறு ஜோடிக் கண்களும் தாத்தாவின் கன்னத்தில்.

நாலைந்து வாரம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு, கன்னம் மாறியது. கப்சாயில் கிளச்சுப் பிடி கிடையாது. கியர் பெடலை மிதித்துக்கொண்டே முறுக்கி, மிதித்த காலைச் சட்டென்று எடுத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பாயும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் காலை எடுத்தார்கள். ஒருவன் செயின் கழன்று அங்கேயே நின்றான். ஒருவன் கால்வாயில். நான்கு பேர் கோயில் வரை போய்க் கையைத் தூக்கிக் கூத்தாடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தாத்தா துண்டைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார். திரும்பி வந்தபோது சாவகாசமாக எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "எங்கடா போயிட்டு வர்றீங்க? நான் இன்னும் விடவே இல்லையே."

ஆகவே தம்பிகளே, கன்னத்தைப் பார்த்துப் புறப்படாதீர்கள். கண்ணால் பார்த்து, மூளைக்குச் சேதி போய், கை அசைவதற்கு சாதாரண மனிதனுக்குக் கால் வினாடி போலப் பிடிக்கும். தேர்ந்த ஓட்டுநர் 0.2 வினாடியில் முடித்துவிடுவார். அதற்கு ரொம்பக் கீழே போகிறவர் பார்த்துப் போவதில்லை, ஊகித்துப் போகிறார். ஓட்டப் பந்தயத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: வெடி கேட்டு 0.1 வினாடிக்குள் கிளம்பினால் தவறு. 2010-இலிருந்து ஒரே தவறில் வீட்டுக்குப் போகலாம். 2011-இல் தேகு நகரில் உசேன் போல்ட்டே 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அப்படித்தான் போனார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய நம் ஜெகதீசன் பேரைச் சொல்லித்தான் தோட்டத்தில் பெரியவர்கள் திட்டுவார்கள்: "பெரிய ஜெகதீசன்னு நெனப்பு!" ஜெகதீசன் வெடி கேட்ட பிறகு ஓடியவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஊகம் பலித்தால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 ஆஸ்திரிய கிராண்ட் பிரீயில் போட்டாஸ் கிளம்பிய வேகத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற வெட்டல் ரேடியோவிலேயே புகார் சொன்னார். கணக்குப் பார்த்தார்கள்: 0.201 வினாடி. குற்றமில்லை என்று தீர்ப்பு. போட்டாஸ் ஜெயித்தார், வெட்டல் 0.658 வினாடி பின்னால் இரண்டாவது. ஊகமா, கண்ணா என்பது போட்டாஸுக்கும் அவர் குலதெய்வத்துக்கும்தான் வெளிச்சம். நான் கண் என்றே நம்புகிறேன்.

முந்திவிட்டுச் சட்டென்று பிரேக் போட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றால் தப்பிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. காரில் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, தரைக்கடியில் அதைக் கவனிக்கும் கருவி இருக்கிறது. 2019-இல் அது கொஞ்சம் அசைந்தால் விட்டுவிட்டது, அதற்கு மேல் அசைந்தால் விடவில்லை. அந்த வருடம் சோச்சியில் ரைக்கோனன் அசைந்தார். பிட் லேன் வழியாக ஊர்ந்து போய் வா என்று தண்டனை. இரண்டே வாரம் கழித்து சுசூகாவில், முதலிடத்தில் நின்ற வெட்டல் அசைந்து, நின்று, மறுபடி கிளம்பினார். அந்த அசைவு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, தண்டனையில்லை என்றார்கள். ஆனால் அவர் நின்று கிளம்புவதற்குள் மூன்றாம் இடத்திலிருந்து ஒருவர் முந்திக்கொண்டு போய்ப் பந்தயத்தையும் ஜெயித்துவிட்டார். யார்? அதே போட்டாஸ். வெட்டலுக்கு அவரோடு என்ன ஜாதகப் பொருத்தமோ!

கடைசியாக, கிளம்பவே கிளம்பாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செப்பாங்கில் எஃப் ஒன் கடைசியாக நடந்தது 2017 அக்டோபர் 1. இரண்டாம் இடத்திலிருந்து புறப்பட வேண்டிய ரைக்கோனனின் கார் மக்கர் பண்ண, ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார்கள். டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தோடு அவரும் பந்தயத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது.

அடுத்த ஞாயிறு நம் ரோட்டில் பந்தயம் மூன்று மணிக்கு. இரண்டேகாலுக்கே வந்து வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். தாத்தா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் வருவார்.