பக்கவாசல் படிப்பு

விளையாட்டு நிர்வாகத்துக்கென ஒரு முதுகலைப் படிப்பை ஒஹாயோ பல்கலைக்கழகம் 1966இலேயே தொடங்கிவிட்டது. பாவம், பிள்ளைகள் இன்னும் மதிப்பெண் காட்டி, கட்டுரை எழுதித்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் ரிக் சிங்கர் அந்தச் சிரமத்தையெல்லாம் ஒழித்தார். பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் நுழைக்கும் தம் முறைக்கு அவரே வைத்த பெயர் ‘பக்கவாசல்’. பையனுக்கு வாட்டர் போலோ தெரியாதா? இணையத்தில் பந்தும் தொப்பியும் வாங்கி, வீட்டு நீச்சல்குளத்தில் இறக்கி ஒரு படம். கணினியில் கொஞ்சம் மெருகு. வீரர் தயார்! பெண்ணுக்குப் படகே பழக்கமில்லையா? உடற்பயிற்சித் துடுப்பு இயந்திரம் எதற்கு இருக்கிறது? பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு மட்டும் உரிய காணிக்கை.

ஆட்டக்காரரே இல்லாமல் அணிக்கு ஆள் சேர்ப்பதைவிட உயர்ந்த நிர்வாகம் உண்டா?

2019இல் எஃப்பிஐ இந்த மோசடியை அம்பலப்படுத்தியது. அமெரிக்காவில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. 2023இல் பாஸ்டன் நீதிமன்றம் சிங்கருக்குக் கொடுத்தது மூன்றரை ஆண்டுதான். ஆறு மாதம் தள்ளுபடி.