'உஸ்' சத்தம் கேட்கும் மனிதர்

ஞாயிறு காலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒருவர் பழைய கான்டெஸாவின் பானெட்டைத் தூக்கிவிட்டு, முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் செருகி, மறு முனையை ஓடுகிற இன்ஜின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டிருப்பார். பேசாமல் நடையைக் கட்டுங்கள். "வண்டியில என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டீர்களோ, மத்தியானச் சாப்பாடு போச்சு. பெரிய பிரச்சினை ஒன்றுமில்லை. அவருக்கு 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்பதில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களில் குரோமியத்தை மினுக்கி, கல்யாண ஊர்வலத்துக்கு வண்டியைக் கொடுத்துப் பெருமைப்படுகிறவர்கள் ஒரு ரகம். நம்மவர் வேறு ரகம். பெயின்ட் உரிந்திருந்தால்கூடக் கவலைப்பட மாட்டார். அவருடைய உயிர் முழுக்க சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கறுப்பு ரப்பர் குழாய்களில், அதாவது வேக்குவம் ஓஸ்களில் இருக்கிறது.

அவர் பக்கம் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் மடல் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ காற்றை இழுத்தபடியே இருக்கின்றன. இடையில் மாட்டிக்கொண்ட இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. சும்மா கிடைக்கும் இந்த உறிஞ்சு சக்தியை விட்டுவைக்க அந்தக் காலத்து என்ஜினீயர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு குழாயைப் பிரேக் பூஸ்டருக்கு இழுத்தார்கள், மிதிக்கும் காலுக்குத் துணையாக. கார்புரேட்டரிலிருந்து இன்னொன்றை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இழுத்தார்கள், பாதி வேகத்தில் போகும்போது தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே தட்டிவிட. ஓஸில் விரிசல் விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும். ஸ்லோவில் வண்டி நிற்காமல் ஏறி இறங்கித் துள்ளும். நமக்கு அது பழைய வண்டியின் சுபாவம். அவருக்கு அது அவமானம்.

பழைய அம்பாசடர்காரருக்கு இதில் ஒரு மனக்குறை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒரே ஒரு மெல்லிய குழாயை எத்தனை தடவைதான் மாற்றுவது? அவர் பொறாமையோடு பேசுவது 1970-களில் வந்த டபிள்யூ 123 டீசல் பென்ஸைப் பற்றி. டீசல் இன்ஜினில் மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்காது என்று தனியாக ஒரு பம்ப் வைத்தார்கள். வைத்ததுதான் வைத்தோம் என்று கதவுப் பூட்டுகளையும் அதோடு இணைத்தார்கள்; இன்ஜினை அணைக்கும் வேலையையும் அதனிடமே கொடுத்தார்கள். அதனால் பின்கதவுப் பூட்டுக்குள் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்தால், சாவியைக் கழற்றிப் பையில் போட்ட பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். பானெட்டைத் திறந்து 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்புகோலை அமுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் ஒரு பரவசம். 1968-இல் வந்த கார்வெட்டில் மூடிக் கிடக்கும் முகப்பு விளக்குகளைத் தூக்குவதும் வேக்குவம்தான். ஒரு பக்கம் லீக் என்றால் வண்டி கண்ணடித்துக்கொண்டு நிற்கும்.

சரி, ஓஸ் மாற்றும் வேலைக்கு வருவோம். சனிக்கிழமையே சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் ஒரு சுற்று. கடைக்காரர் நீட்டும் முதல் ஓஸை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். சுவர் தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறிஞ்சும் வேகத்தில் உட்புறம் ஒட்டிச் சப்பிப் போகும். மீன்தொட்டி டியூபைப் போட்டுச் சமாளித்த ஒருவரோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை. சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் சிலிக்கான் ஓஸ் பார்க்க அழகு. ஆனால் பெட்ரோல் ஆவியும் எண்ணெய்ப் புகையும் போகிற இடத்துக்கு அது ஆகாது என்று கடைக்காரருக்கே வகுப்பு எடுப்பார். கடைசியில் வாங்குவது ஒரு மீட்டர்.

ஞாயிறு காலை பிளேடோடு இறங்குகிறார். நாற்பது வருஷம் வெந்த ரப்பர் பிளாஸ்டிக் மூக்கில் ஒட்டிப்போயிருக்கும். பிடித்து இழுக்கக் கூடாது. நீளவாக்கில் கீறி, தோலை உரிப்பதுபோல் எடுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் கடைசி ஓஸில் பொறுமை போய், லேசாக ஒரு திருகு. 'மடக்'. டி வடிவ இணைப்பு இரண்டு துண்டு. இனி புதுப்பேட்டைக்கு இன்னொரு சனிக்கிழமை.

ஒரு ஓஸைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பாலபாடம். நம்மவர் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வரிசையாக வைப்பார், படம் எடுக்காமல். "எனக்கு ஞாபகம் இருக்கும்பா." பிறகு நடப்பதை வர்ணிக்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் சோதனை. பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி வருகிறது. லீக் இருக்கும் இடத்தை நோக்கிப் புகை வளைந்து உள்ளே போகுமாம். "ஏங்க, பெட்ரோல் பக்கத்துல நெருப்பா?" என்று மனைவி கேட்கும் கேள்விதான் அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவான பேச்சு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கிய பிறகுதான் ஆள் முற்றிப்போனார். ஆரோக்கியமான இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். இது சென்னைக் கணக்கு. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தை ஊட்டிக்கு அழைத்துப் போனவர், போன மறுநாள் காலை கேஜை மாட்டிப் பார்த்தார். முள் 12-இல் நின்றது. படகுச் சவாரி ரத்து. பொட்டானிக்கல் கார்டன் ரத்து. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கேஸ்கெட் வரை பிரித்துவிட்டார். உள்ளூர் மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், இங்க எல்லா வண்டியும் கம்மியாத்தான் காட்டும். மலை சார் இது."

1,000 அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் வண்டி கிண்ணென்று இருக்கிறது. பிரித்ததை மாட்ட ஒரு நாள் ஆனது.

அவருக்கு உண்மையான சோதனை எல்லாம் சரியாகிவிடும் நாளில் வருகிறது. புது ஓஸ், புது கிளிப், முள் ஆடாமல் 19-இல் நிற்கிறது. சத்தமே இல்லை. மனுஷர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மூன்றாம் நாள் லிஃப்டில் உங்களைப் பார்த்து, "உங்க வண்டி ஸ்லோல கொஞ்சம் ஆடுறமாதிரி இருக்கே, கவனிச்சீங்களா?" என்பார்.

நம்முடையது புது வண்டி, கம்ப்யூட்டர் வைத்தது, இவருக்கு அதில் என்ன வேலை என்று தைரியமாகப் பானெட்டைத் திறந்துவிடாதீர்கள். இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களிலும் பிரேக் பூஸ்டருக்கு ஒரு வேக்குவம் ஓஸ் போகிறது.